வர்க்கி நின்றால் நானும் நிற்பேன்

எங்கள் நாயின் பெயர் வர்க்கி. குன்னூரில் இந்தப் பெயருக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த வர்க்கி பிஸ்கட்டின் நிறம் அவனுக்கு. பேக்கரிக்குப் பின்னால் கிடந்த குட்டியை என் மகள் ஸ்வெட்டருக்குள் சுருட்டி எடுத்து வந்தபோது, தோலும் வர்க்கி போலவே ஏடு ஏடாக உதிர்ந்துகொண்டிருந்தது. சொறி. ஆறு வார மருந்தில் சொறி போனது. பெயர் ஒட்டிக்கொண்டது.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். வங்கி வேலையில் மாற்றலாகி வந்து, ஓய்வு பெற்ற பிறகும் மலையிறங்க மனசில்லாமல் தங்கிவிட்டவன். எங்கள் ஊரில் குளிர் என்றால் மார்கழிக் காலையில் ஒரு மஃப்ளர், கூடுதலாக ஒரு காப்பி, அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தில், வர்க்கி வந்த முதல் டிசம்பரில் காலை ஐந்து மணிக்கே டார்ச்சும் கையுமாகக் கிளம்பிவிட்டேன். நாலாவது நாள் டீக்கடைக்காரர் கூப்பிட்டுச் சொன்னார்: "சார், இருட்டுல நாயைக் கூட்டிட்டு வராதீங்க. உங்களுக்காகச் சொல்லல, அதுக்காகச் சொல்றேன்."

சிறுத்தையைச் சொல்கிறார் என்று புரியவே சற்று நேரம் ஆனது. தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய தெருக்களில் சிறுத்தைக்கு நாயைவிடச் சுலபமான இரை கிடையாது. மானைத் துரத்திப் பிடிக்க வேண்டும். நாயோ வாசலிலேயே படுத்திருக்கும். வீட்டு முற்றத்துக்கு வந்து நாயைக் கவ்விக்கொண்டு போகிற கேமரா காட்சிகள் இங்கே ஆளாளுக்குக் கைபேசியில் இருக்கின்றன. அன்றிலிருந்து எங்கள் நேரம் மாறியது. டிசம்பர், ஜனவரியில் ஆறரைக்கு மேல்தான் சூரியன் எட்டிப் பார்க்கும். நாங்கள் ஏழேகாலுக்கு இறங்குவோம். மாலையில் ஐந்தரைக்குள் வீடு. இரவில் வர்க்கி வீட்டுக்குள்தான் படுக்கை. மலையில் நாய் வளர்ப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: காவலுக்கு என்று நாயை வெளியே கட்டிப் போடாதீர்கள். கட்டிய நாயால் ஓடக்கூட முடியாது.

நேரம் தள்ளிப்போனதில் ஒரு லாபம், வெளிச்சத்தில் தெரு தெரிய ஆரம்பித்தது. பத்து வருஷம் ஸ்கூட்டரில் கடந்துபோன தெரு. எந்த வீட்டுச் சுவரில் வெயில் முதலில் விழும் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்குத் தெரியாது. தெருநாய்கள் எல்லாம் அந்தச் சுவரடியில்தான் வரிசையாகப் படுத்திருக்கின்றன. பத்தடி தள்ளி நிழலில் ஒன்றுகூட இல்லை.

பனியைப் பற்றியும் எனக்கு ஒன்றும் தெரியாது. இங்கே எல்லாரும் நீர்ப்பனி, உறைபனி என்று பிரித்துச் சொல்வார்கள். வெறும் ஈரமாகப் புல்லில் நிற்பது நீர்ப்பனி. உப்பைத் தூவினாற்போல வெளுத்து, மிதித்தால் நொறுங்குவது உறைபனி. முதல் நாள் இரவு மேகம் இருந்தால் உறைபனி வராது. மேகம் போர்வை மாதிரி தரையின் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வானம் பளிச்சென்று நட்சத்திரமாக இருந்தால்தான் பயப்பட வேண்டும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் மேட்டுத் தெருவில் ஒன்றுமில்லாத நாளிலும் ஓடையோரப் புல்வெளி வெளுத்துக் கிடக்கும். எங்கள் வராந்தா தெர்மாமீட்டர் நான்கு டிகிரி காட்டுகிற காலையிலும் கீழே புல் உறைந்திருக்கும். அது என் மூக்கு உயரத்தில் மாட்டியது. வர்க்கியின் வயிறு தரையிலிருந்து ஒரு முழம்தான். அவனுக்கு எவ்வளவு குளிர்கிறது என்று நான் என் உடம்பை வைத்துக் கணக்குப் போட்டது தப்பு. உறைபனி நாளில் இப்போது ஓடைப் பாதை கிடையாது, மேட்டு ரோட்டில்தான் நடை.

ஒரு நாள் கடைசி வீட்டுக்காரர், காதுவரை குல்லா போட்டுக்கொண்டு, விறைக்கும் காலையில் ஹோஸ் பைப்பைப் பிடித்துத் தன் பீன்ஸ் செடிகளுக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார். இந்தக் குளிரில் செடிக்குத் தண்ணீரா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வர்க்கி வேலியருகே நின்றுவிட்டதால் நானும் நிற்க வேண்டியதாயிற்று. அவர் ஓர் இலையைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். மேலே மெல்லிய கண்ணாடித் தூள் போலப் பனி. "வெயில் இதுமேல அடிச்சுதுன்னா மத்தியானத்துக்குள்ள கருகிடும் சார். வெயிலுக்கு முன்னாடி கழுவி விட்டுரணும்" என்றார். பக்கத்தில் நாற்றுப் பாத்தி முழுக்கக் காய்ந்த மிலார் கொப்புகளால் மூடியிருந்தது. ஊட்டி தாவரவியல் பூங்காவிலும் பூச்செடிகளுக்கு இதே மிலார்தான் போர்வை. தேயிலைக்கு அப்படியெல்லாம் போர்த்தி முடியுமா? ஜனவரியில் பள்ளத்துத் தேயிலை, தீயில் வாட்டினாற்போலப் பழுப்பாக நிற்கும். இலை எடுக்க வரும் பெண்கள் அந்தப் பக்கம் போகாமல் மேட்டிலேயே நின்றுகொள்வார்கள். அவர்களுக்கு அந்த மாதம் கூலியும் குறைச்சல்தான்.

இனி காட்டெருமை. எங்கள் தெருவில் "மாடு நிக்குது" என்றால் பால் மாடு இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் கிறிஸ்துமஸ் கழிந்த ஒரு காலை. பனிமூட்டம், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அப்போது என்னிடம் இருந்தது, இழுத்தால் நீண்டுகொண்டே போய், பொத்தானை அமுக்கினால் சுருளும் கயிறு. வர்க்கி முன்னால் எங்கோ பனிக்குள் போயிருந்தான். திடீரென்று கயிறு தளர்ந்தது. கிட்டே போனால், முன்கால் ஒன்றைத் தூக்கியபடி சிலையாக நிற்கிறான். மூக்கு மட்டும் ஆடுகிறது. குரைக்கவில்லை. "வாடா, நேரமாச்சு" என்று இழுத்தேன். வரவில்லை. மறுபடி இழுத்தேன். அப்போது ரேஷன் கடைப் பக்கமிருந்து 'புஸ்' என்று ஒரு மூச்சு. பனிக்குள் முதலில் தெரிந்தவை நாலு வெள்ளைக் கால்கள், முழங்கால் வரை சாக்ஸ் போட்ட மாதிரி. பிறகுதான் மேலே இருந்த அந்தக் கறுப்பு மலை தெரிந்தது. முழு வளர்ந்த கடா ஒரு டன் வரை இருக்கும் என்று படித்திருக்கிறேன். அன்றைக்கு எடை போட்டுப் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

வர்க்கி பின்னால் நகர்ந்தான், நான் முன்னால் இழுத்துக்கொண்டிருந்தேன். கழுத்து பெல்ட் காதைத் தாண்டி நழுவிக் கையோடு வந்துவிட்டது. நானும் வெறும் பெல்ட்டும் காட்டெருமையும். அது என்னைப் பார்த்தது, தலையைக் குனிந்தது, பிறகு ரோட்டோரப் புல்லைக் கடித்தது. முதுகைத் திருப்பாமல் அடி அடியாகப் பின்வாங்கி வீடு வந்து சேர்ந்தால், வர்க்கி வாசல் மிதியடியில் உட்கார்ந்து, இவ்வளவு நேரமா என்பது போல என்னைப் பார்க்கிறான்.

டீக்கடையில் கதையைச் சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "அது நின்னா நீங்களும் நின்னுரணும் சார். எதுக்கு இழுத்தீங்க?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நீளும் கயிற்றை அன்றைக்கே ஒழித்துவிட்டேன். இப்போது நாலடிக் கயிறு, அதுவும் கழுத்தில் இல்லை, நெஞ்சைச் சுற்றி மாட்டும் ஹார்னஸில். கழுத்து பெல்ட் போடுவதானால் இரண்டு விரல் நுழையும் அளவுக்குமேல் தளர்வு வேண்டாம். காட்டெருமையிடம் நாய் குரைத்துவிட்டு ஓடிவந்து ஒளிவது நம் காலுக்குப் பின்னால்தான். துரத்துகிற மாடும் நம்மிடம்தான் வரும். கயிறு குட்டையாக இருப்பது நாயைவிட நமக்குப் பாதுகாப்பு.

நாய்க்கு ஸ்வெட்டர் வேண்டுமா என்று கீழே கோவையிலிருந்து வரும் உறவினர்கள் கேட்பார்கள். பனிமூட்டத்தில் நனைந்த ஸ்வெட்டர், ஸ்வெட்டர் இல்லாததைவிடக் கேடு. வீட்டுக்கு வந்ததும் பழைய துண்டால் விரல் இடுக்கு வரை துடைத்துவிடுவதே போதும்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை நடை கொஞ்சம் நீளம், சிம்ஸ் பூங்கா வரை. பூங்காவை ஒட்டி பாஸ்டியர் நிறுவனம். வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்யவென்றே 1907இல் தொடங்கியது. அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ் கொடுத்த நன்கொடைப் பணமும் அதில் உண்டு. வர்க்கி அதன் சுற்றுச்சுவரில் ஓரிடம் விடாமல் காலைத் தூக்குவான். நூறு வருஷத்துக்கு மேலாக நாய்க்கடியோடு மல்லுக்கட்டுகிற இடத்துக்கு நாய் செய்யும் மரியாதை!

கேலி இருக்கட்டும். சென்ற குளிர்காலத்தில் இரண்டு தெருநாய்களுக்கு நடுவில் மாட்டிய வர்க்கியைத் தூக்கப் போய், ஒன்று என் மணிக்கட்டைக் கீறிவிட்டது. பல்தான், ஆனால் ஆழமில்லை. தெருக்குழாயைத் திறந்து சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவினேன். அந்தத் தண்ணீரில் ஐந்தாவது நிமிஷமே விரல்கள் மரத்துவிட்டன. வழியில் போன ஒருவர் மஞ்சள் வைக்கச் சொன்னார், இன்னொருவர் மிளகாய்த்தூள். எதையும் வைக்காமல் நேரே அரசு மருத்துவமனை. அன்றே ஊசி, பிறகு 3, 7, 28ஆம் நாட்களில். காசில்லை. ஊசி என்றதும் என் தலைமுறைக்குத் தொப்புளைச் சுற்றிப் போடுகிற 14 ஊசிதான் ஞாபகம் வரும். ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்த மருந்தை இந்தியாவில் நிறுத்தி இருபது வருஷம் ஆகிவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை. சின்னக் கீறல்தானே என்று விடுவதற்குத்தான் பயப்பட வேண்டும்.

நாயின் கழிவை அள்ள மகள் பெங்களூரிலிருந்து பிளாஸ்டிக் பை உருளைகள் அனுப்பினாள். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குப் பல வருஷமாகத் தடை என்பது அவளுக்கு மறந்துவிட்டது. செய்தித்தாளே போதும். ஆனால் வழவழப்பான இணைப்பிதழ் வேண்டாம், வழுக்கும். சாதாரணத் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டால் இரண்டு தடவைக்கு ஆகும். கழிவு கழிவறைக்கு, தாள் குப்பைக்கு. ஆரம்பத்தில் கூச்சமாகத்தான் இருந்தது. குனிந்து அள்ளுவதைப் பார்த்த பிறகுதான் எதிர்வீட்டு அம்மா முதல் தடவையாக என்னோடு பேசினார்.

பருவத்தில் வந்துபோகும் சுற்றுலாக்காரர்களிடம் எனக்கு ஒரு வழக்கு உண்டு. கையில் வைத்திருக்கிற ஹோம் மேட் சாக்லேட்டை அன்பாகத் தெருநாய்க்குப் போடுகிறார்கள். சாக்லேட் நாய்க்கு விஷம். கறுப்பு கூடக் கூட விஷமும் கூடும். கிறிஸ்துமஸ் கேக்கில் இருக்கும் உலர்திராட்சையும் ஆகாது. சொன்னால் சிலர் கோபித்துக்கொள்வார்கள். நான் சொல்லாமல் விடுவதில்லை. அதேபோல, தங்கும் வீட்டில் குளிருக்குக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தப் போன ஒரு குடும்பத்திடமும் போய்ச் சொன்னேன். கரிப்புகை தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். நாய் வைத்திருக்கிற கிழவன் ஊர் நியாயம் பேசுகிறான் என்று நினைத்திருப்பார்கள். அடுப்பை வெளியே வைத்தார்கள், அது போதும்.

ஆட்டோ ஸ்டாண்டில் இரவெல்லாம் தீமூட்டிக் குளிர்காய்வார்கள். காலையில் அந்தச் சாம்பல் குவியலில் தெருநாய்கள் சுருண்டிருக்கும். உள்ளே கங்கு இருந்து வயிற்றுமுடி கருகிய நாயை நான் பார்த்திருக்கிறேன். அதனால் ஓட்டுநர்களிடம் சொல்லி, போகும்போது ஒரு வாளி தண்ணீர் ஊற்ற வைத்தேன். அடுத்த வாரமே டீக்கடைக்காரர், "தண்ணி ஊத்தினா அதுங்க எங்க சார் படுக்கும்?" என்று கேட்டார். இப்போது கங்கை மட்டும் ஓரமாகத் தள்ளி அணைத்துவிட்டு, சூடான சாம்பலை விட்டுவிடுகிறார்கள்.

இந்த வருஷம் அந்தச் சாம்பலில் ஒரு தாயும் நாலு குட்டிகளும். தாயின் காதில் வெட்டு இல்லை, கருத்தடை செய்யப்படாதது. தடுப்பூசி போட வலையோடு வருகிறவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறோம், குட்டிகளுக்கு மூன்று மாதம் ஆகட்டும் என்றார்கள். தினம் காலையில் டீக்கடைக்காரரும் நானும் எண்ணுவோம். நேற்று மூன்றுதான் இருந்தன. ஆட்டோக்களுக்கு அடியில், பெஞ்சுக்குக் கீழே, கடைக்குப் பின்னால் எல்லாம் பார்த்துவிட்டு மறுபடி எண்ணினோம். "யாராச்சும் வளர்க்கத் தூக்கிட்டுப் போயிருப்பாங்க சார்" என்றார். நானும், ஆமாம், அந்தக் கறுப்புக்குட்டி அழகுதானே என்றேன்.

வர்க்கி சாம்பலின் ஓரத்தை நெடுநேரம் மோந்தான். பிறகு தலையைத் தூக்கி, ரோட்டுக்கு மேலே இருக்கும் தேயிலைச் சரிவைப் பார்த்தபடி நின்றான். நான் இழுக்கவில்லை. டீ ஆறிப்போகும் வரை இருவரும் அங்கேயே நின்றோம்.