ஒப்பனைக் காணொளிகளும் பெண் பிள்ளைகளின் முகமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஒருவர் தம் தோற்றத்தைப் பற்றித் தமக்குள் கொண்டிருக்கும் கருத்தையும், அதனோடு சேர்ந்து வரும் நிறைவையோ மனக்குறையையோ உளவியலார் ‘உடல் பிம்பம்’ என்கின்றனர். இந்தப் பிம்பம் கண்ணாடி காட்டும் உருவத்தைவிட, ஒருவர் தம்மை யாரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார் என்பதையே பெரிதும் சார்ந்திருக்கிறது. ஏகாம்பரநாதர் கோயிலும் காமாட்சியம்மன் கோயிலும் அமைந்த பெரிய காஞ்சிபுரத்தில், ஒரு தலைமுறைக்கு முன்வரை ஒரு பெண் பிள்ளை தன்னை ஒப்பிட்டுக்கொள்ளக் கிடைத்தவை தெருவிலும் பள்ளியிலும் கல்யாண வீட்டிலும் கண்ட முகங்களே. சினிமா முகம் தொலைவில் இருந்தது. இன்று முகூர்த்தப் புடவைக்கு மடிப்பு எடுப்பது முதல் கன்ன எலும்பை எடுத்துக் காட்டுவது வரை அனைத்தையும் கைப்பேசியே கற்றுத் தருவதால், ஒப்பீட்டுக்கு வரும் முகங்களுக்கு அளவில்லாமல் போயிற்று. இது குறித்து வீடுகளில் நிலவும் நம்பிக்கைகள் சிலவற்றைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: ஒப்பனைக் காணொளிகள் பெண் பிள்ளைகளைக் கெடுக்கின்றன, கைப்பேசியைப் பிடுங்கிவிட்டால் போதும்.

ஒப்பனை ஒரு கைத்தொழில். முகூர்த்தப் பட்டு வாங்கக் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கும் ஓர் ஊரில் மணப்பெண் அலங்காரம் கற்ற பெண்ணுக்கு அது சொந்த வருமானமும் ஆகும் என்பதால், அதைக் கற்க விரும்புவதைக் குற்றமாகப் பார்ப்பது நியாயமன்று. பாதிப்பும் எல்லோருக்கும் ஒரே அளவில் நேர்வதில்லை. 2021இல் வெளிச்சத்துக்கு வந்த ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆய்வின்படி, தம் உடலைப் பற்றி ஏற்கெனவே வருந்திக்கொண்டிருந்த பதின்பருவப் பெண்களில் 32 சதவீதத்தினர், இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தைக் கூட்டியதாகக் கூறினர். ஆகவே கவனம் முதலில் செல்ல வேண்டியது ஏற்கெனவே மனம் நொந்திருக்கும் பிள்ளையிடம். கனடாவில் 17 முதல் 25 வயது வரையிலான மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், சமூக ஊடகப் பயன்பாட்டை நாளுக்கு ஒரு மணி நேரமாகக் குறைத்துக்கொண்டவர்கள் மூன்றே வாரங்களில் தம் தோற்றத்தைப் பற்றி முன்னைவிட நிறைவாக உணர்ந்தனர். பிடுங்காமல் குறைத்தாலே பயன் உண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

நம்பிக்கை: காணொளியில் தெரியும் முகம் கைத்திறனால் வந்தது, அதே பூச்சை அதே முறையில் பூசினால் அதே முகம் வரும்.

இந்த நம்பிக்கையே மற்ற எல்லாவற்றையும்விட அதிக வேதனையைத் தருகிறது, ஏனெனில் முயன்று பார்த்துத் தோற்ற பிள்ளை குறையைத் தன் முகத்தின்மேல் ஏற்றிக்கொள்கிறாள். திரையில் தெரியும் முகத்தில் பூச்சின் பங்கு ஒரு பகுதி மட்டுமே. வளைய வடிவிலான ‘ரிங் லைட்’ எல்லாப் பக்கமிருந்தும் ஒளி பாய்ச்சுவதால் தோலின் குழிகளும் தழும்புகளும் நிழலின்றி மறைகின்றன. கேமரா செயலியில் உள்ள ‘ஃபில்டர்’ என்னும் மென்பொருள் தோலை வழவழப்பாக்கி, கண்ணைப் பெரிதாக்கி, தாடையை ஒடுக்கி, நிறத்தையும் வெளுக்கிறது. இதற்கு நேர்மாறான கேடு பிள்ளையின் கையில் உள்ள கேமராவால் விளைகிறது: ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தொலைவில் எடுக்கும் செல்ஃபியில், ஒன்றரை மீட்டர் தொலைவில் எடுத்த படத்தோடு ஒப்பிட, மூக்கின் அடிப்பகுதி சுமார் 30 சதவீதம் அகன்று தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுக் காட்டினர். அருகில் இருப்பது பெரிதாகத் தெரிவது ஒளியியல் விதி; அதில் மூக்கின் குற்றம் எதுவும் இல்லை. ஆயினும் ஃபில்டர் இட்ட தம் படத்தைப் போலவே தம் முகத்தை மாற்றித் தருமாறு அறுவை மருத்துவரை நாடுவோர் இருப்பதை அதே ஆண்டில் பாஸ்டன் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர்கள் எச்சரிக்கையோடு பதிவு செய்தனர். காஞ்சிபுரம் காந்தி சாலையில் பட்டு எடுக்கும் பெரியவர்கள் கடை விளக்கை நம்பாமல் புடவையை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் விரித்து நிறம் பார்ப்பது வழக்கம். புடவைக்குக் காட்டும் அந்த விவேகத்தைத் திரையில் தெரியும் முகத்துக்கும் காட்டக் கற்றுத் தருவது அவர்களால் முடியாத காரியமன்று.

நம்பிக்கை: படம் திருத்தப்பட்டது என்று தெரிந்துவிட்டால் பாதிப்பு இராது.

அறிவு வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. விளம்பர உருவப்படங்களில் உடல் தோற்றம் திருத்தப்பட்டிருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும் என்று பிரான்ஸ் 2017 முதல் கட்டாயமாக்கியது. எனினும் அத்தகைய குறிப்போடு படங்களைக் காட்டிச் செய்த சோதனைகள் பலவற்றில், பார்த்த பெண்களின் மனக்குறை குறையவில்லை. ஒப்பீட்டை மனம் தானாகவே செய்துவிடுகிறது.

நம்பிக்கை: சிவப்பழகு மோகம் பழங்கதை, இப்போது எல்லா நிறமும் அழகுதான்.

மாறியவற்றில் பெரும்பகுதி பெயர்களே. 1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி என்னும் சிவப்பழகு க்ரீம் 2020இல் க்ளோ அண்ட் லவ்லி ஆயிற்று; ‘வெண்மை’ இருந்த இடத்துக்குப் ‘பொலிவு’ வந்தது. சென்னையில் 2009இல் விமன் ஆஃப் வொர்த் அமைப்பு தொடங்கிய ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கம் கறுப்பு நிறத்தின் அழகை உரத்துச் சொன்ன பிறகும், மாநிறப் பெண்ணுக்குச் சொல்லும் பாடத்தில் அவள் நிறத்தைவிட வெளிர்ந்த பவுண்டேஷனையே, அதாவது முகம் முழுதும் ஒரே சீராகப் பூசும் அடிப்பூச்சையே, எடுத்துப் பூசுவதைக் காண முடிகிறது. இந்த மோகத்தின் கடைசிப் படியில் நிற்பது நோய். கேரளத்தின் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையில் ஜூலை 2021 முதல் செப்டம்பர் 2023 வரை, சிறுநீரக வடிகட்டியின் சவ்வைத் தாக்கும் நோயோடு வந்த 22 பேரில் 15 பேருக்கு அந்நோயின் அரிய வகை ஒன்று இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். இத்தகைய க்ரீம்களில் கலந்திருக்கும் பாதரசம், தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைத் தடுப்பதால் முகம் வெளுக்கிறது. அதே பாதரசம் தோல் வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. மருத்துவர் சீட்டின்றி வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு களிம்புகளோ தோலை மெலியச் செய்து, நிறுத்தியதும் எரிச்சலையும் சிவப்பையும் பருக்களையும் கிளப்பிவிடுகின்றன.

ஆகவே தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், உரிம எண்ணும், உட்பொருள் பட்டியலும் அச்சிடப்படாத எந்த முகப்பூச்சையும், எந்தக் காணொளி பரிந்துரைத்தாலும், வாங்க வேண்டாம். அப்படி ஒன்றைப் பூசி வரும் பிள்ளைக்குக் கால் வீக்கமோ சிறுநீரில் மாறாத நுரையோ தெரிந்தால், திட்டிக்கொண்டு நாள் கடத்தாமல், அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.