தலைவலி மாத்திரையும் கண் பார்வையும்



வலிப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் டாக்டர்கள் எழுதித் தரும் மாத்திரைகளில் ஒன்று டோபிராமேட். நல்ல மருந்துதான். ஆனால் அபூர்வமாகச் சிலருக்குக் கண்ணைப் பாதிக்கும். அமெரிக்காவில் 2001-லேயே டாக்டர்களுக்கு இதைப் பற்றி எச்சரிக்கை அனுப்பினார்கள்.

பெரும்பாலும் மாத்திரை ஆரம்பித்த முதல் மாதத்துக்குள் வரும். நேற்று வரை பஸ் போர்டு படித்தவருக்கு இன்று திடீரென்று தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். கண் சிவக்கும், வலிக்கும், தலையும் இடிக்கும். அநேகமாக இரண்டு கண்ணிலும் வரும். கண்ணுக்குள் வீக்கம் உண்டாகி, உள்நீர் வடியும் வழி அடைபட்டு அழுத்தம் ஏறுவதுதான் காரணம். கவனிக்காவிட்டால் பார்வையே போகலாம். நாமோ "பழைய தலைவலிதானே" என்று தைலம் தேய்த்துப் படுத்துவிடுவோம்!

அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்க. மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டு போங்க. கண் டாக்டருக்கு அது எதற்கு என்று நினைக்காதீங்க. சாதாரண கண் அழுத்தத்துக்குப் பார்க்கும் வைத்தியம் வேறு, இதற்கு வேறு. இதில் அந்த மாத்திரையை நிறுத்துவதுதான் முக்கியம்.

அதற்காக, வலிப்புக்குச் சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு பலமாகத் திரும்பிவிடும். டாக்டர்தான் வேறு மருந்துக்கு மாற்ற வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா மீதி வைத்ததை வாங்கிச் சாப்பிட்டிருந்தால், அதையும் கூச்சப்படாமல் சொல்லிடுங்க.