ஏறாத கூலியும் ஏறிய விலையும்

விலைவாசி என்றதும் அரிசியும் எண்ணெயுமே நம் நினைவுக்கு வருகின்றன. நான் எடுத்துக்கொள்வது வாய்விட்டுப் பேச நாம் கூசும் ஒரு தொழில், நண்பர்கள் பொறுத்தருள்க. அமெரிக்காவில் பணம் பெற்றுக்கொண்டு உறவுக்குச் செல்லும் ஆடவர்களின் கட்டணத்தை, அவர்களுடைய இணைய விளம்பரங்களைக் கொண்டு ஆராய்ந்து, டிரெவன் லோகன் என்ற பொருளியல் பேராசிரியர் 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதைப் படித்தபின் எழுந்த கணக்கு இது.

2008இல் ஒருவர் மணிக்கு 200 டாலர் கேட்டதாகக் கொள்வோம். அந்நாட்டு நுகர்வோர் விலைக் குறியீட்டெண் அவ்வாண்டில் சராசரி 215.3, 2023இல் 304.7. அவர் 2023இலும் அதே 200 டாலரே வாங்கினால், அது 2008ஆம் ஆண்டின் 141 டாலருக்குத்தான் சமம். விளம்பரத்தில் எண் மாறவில்லை. கூலியில் பத்தில் மூன்று பங்கு போயிற்று! பழைய நிலையில் நிற்கவே 283 டாலர் கேட்கவேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் அளவுகோல் சுருங்கினால் அன்றே கண்டுபிடித்துவிடுவோம். பணம் என்னும் கோல் சுருங்குவது அப்படித் தெரிவதில்லை.

நம் நாட்டு அரசு ஊழியருக்குக் குறியீட்டெண் ஏறினால் அகவிலைப்படி ஏறும். இவருக்கு அது ஏது? அங்கே ஏறக்குறைய நாடு முழுவதும் இத்தொழில் குற்றம். ஆகவே கூலிக்காக வழக்காட வழியில்லை. கூட்டிக் கேட்டாலோ, பக்கத்து விளம்பரத்தில் இன்னொருவர் 200க்கே காத்திருக்கக்கூடும்.