தழும்புக்கு வலிக்காது

சென்னை காசிமேட்டில் மீன் ஏலம் முடிந்து கூடைகள் காலியாகும் நேரம். துறைமுகத்துக்கு வெளியே ஒரு மருந்துக் கடை. "அண்ணே, ஒடம்பு வலிக்கு ஒரு செட்டு குடுண்ணே." கடைக்காரர் மூன்று அட்டைகளிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாக நறுக்கி, தாளில் மடித்து நீட்டுகிறார். ஐஸ் பார் தூக்கித் தூக்கித் தோள் காய்த்துப்போன அந்த மனிதர் மூன்றையும் டீயோடு விழுங்குகிறார். தினமுமா என்று கேட்டேன். "இது இல்லாங்காட்டி கையே தூக்க முடியாது தம்பி" என்றார். பிரஷர் உண்டாம். அதற்கு மாசாமாசம் மாத்திரை வீட்டுக்கே வருகிறதாம். "அத்த நான் தொடறதே இல்ல. கிட்னிய காலி பண்ணிடும்."

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் வரைக்கும் இந்தத் தலைகீழ்க் கணக்கைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். காப்பாற்றுகிற மாத்திரைக்குப் பயம், கெடுக்கிற மாத்திரைமேல் நம்பிக்கை.

ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. சர்க்கரை, ரத்த அழுத்தம், தொற்று, கல் அடைப்பு, சில மருந்துகள் என்று ஏதோ ஒன்று அவற்றை நாள்பட்டுப் புண்படுத்தினால், புண் ஆறிய இடத்தில் வடிகட்டிக்குப் பதில் நார்த்திசு நிற்கும். முழங்கால் தழும்பில் முடி முளைப்பதில்லை. அதுபோல இந்தத் தழும்பில் ரத்தம் வடிகட்டப்படுவதில்லை. மிச்சமிருக்கும் வடிகட்டிகள் அந்த வேலையையும் சேர்த்துச் சுமக்கின்றன. நாலு பேர் தூக்குகிற மூட்டையை ரெண்டு பேர் தூக்கினால் என்ன ஆகும் என்று துறைமுகத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பாரமே அவற்றையும் தழும்பாக்குகிறது. கடைசியில் ஸ்கேன் எடுத்தவர் "கிட்னி சுருங்கியிருக்கு" என்கிறார்.

நம்பிக்கை: பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போய்விடும்.

உண்மை: மாத்திரை சாப்பிடாமல் விட்ட பிரஷரும் சுகரும்தான் நிறையப் பேரின் சிறுநீரகத்தை வாங்கியவை. இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரிகிறது. டயாலிசிஸுக்குப் போகிற பக்கத்து வீட்டுக்காரர் கை நிறைய மாத்திரை விழுங்குவதைத் தெருவே பார்க்கிறது. அதற்கு முந்தைய பத்து வருஷம் அவர் மாத்திரையை விட்டுவிட்டு இருந்ததை யாரும் பார்ப்பதில்லை. எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்றவை வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தையே இறக்குபவை. சிறுநீரில் புரதம் கசிவதைக் குறைத்துத் தழும்பு பரவுவதைத் தள்ளிப்போடுபவை. ஆரம்பித்த சில வாரங்களில் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு கொஞ்சம் ஏறலாம். அந்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துப் பதறித் தாமாகவே நிறுத்தியவர்களை நான் அறிவேன். சிறு ஏற்றம் எதிர்பார்த்ததுதான். எவ்வளவு ஏறினால் நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்லட்டும். வாந்தி, பேதி வந்தாலும், கர்ப்பம் என்று தெரிந்தாலும் உடனே அவரிடம் கேட்டாக வேண்டும்.

சர்க்கரைக்கென்று வந்த டபாகிளிஃப்ளோசின் இன்னொரு நல்ல செய்தி. 4,300 பேரைக் கொண்டு நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் அது பலன் தந்தது. பிறகு இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்து விலையும் இறங்கியது.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வழியாகப் பிரஷர், சுகர் மாத்திரை இன்று வாசலுக்கே வருகிறது. ஆனால் எத்தனை வீட்டு பிஸ்கட் டப்பாவில் அது பிரிக்காத அட்டையாகவே கிடக்கிறது! என் பெரியப்பா வீட்டு டப்பாவில் பதினோரு அட்டை எண்ணினேன்.

நம்பிக்கை: கடையில் கொடுக்கிற வலி மாத்திரைதானே, ஒன்றும் செய்யாது.

உண்மை: டைக்குளோஃபினாக் போன்றவை சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தத்தைக் குறைக்கின்றன. வியர்த்து ஊற்றி, தண்ணீர் குடிக்காமல், அதன்மேல் இதையும் போட்டால் அடி இரட்டிப்பு. பிரஷர் மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர் இதையும் சேர்த்தால் ஆபத்து இன்னும் அதிகம். வலிக்கு அளவோடு பாராசிட்டமால் சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பானது. மூட்டையின் எடையையும் வேலை நேரத்தையும் குறைக்காமல் மாத்திரையை மட்டும் விடச் சொல்வது நியாயமில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

நம்பிக்கை: நாட்டு மருந்துக்குப் பக்கவிளைவு இல்லை.

உண்மை: என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத பொடிக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2022-ல் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். சிறுநீரில் புரதம் கொட்டும் ஒருவகை நோயோடு வந்தவர்களில் பலர் பாரம்பரிய மருந்து சாப்பிட்டவர்கள். அந்த மருந்துகளைச் சோதித்தபோது பாதரசம் இருந்தது. நிறுத்தியதும் பெரும்பாலானோர் தேறினார்கள். தழும்பு விழுமுன் நிறுத்தினால் மீளலாம் என்பதுதான் இதில் எனக்குப் பெரிய விஷயம். சித்த மருத்துவரிடமும் பெயர், கலவை, சீட்டு கேட்டு வாங்குங்கள். வாழைத்தண்டுச் சாறும் ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவருக்கு ஆகாது. அதில் பொட்டாசியம் அதிகம். ரத்தத்தில் அது ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

நம்பிக்கை: நிறையத் தண்ணீர் குடித்தால் கிட்னி சுத்தமாகும், பீர் குடித்தால் இன்னும் நல்லது.

உண்மை: பீர் உடம்பு நீரை வெளியேற்றும், அவ்வளவுதான். தண்ணீர் விஷயம் ஆளைப் பொறுத்தது. கால் வீங்கிய நோயாளிக்கு மருத்துவர் அளவு வைப்பார். வெயிலில் உழைப்பவருக்கோ தண்ணீர்தான் உயிர்நாடி. ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழக உப்பளங்களில் சுமார் 350 தொழிலாளர்களைச் சோதித்தபோது, நூற்றுக்கு ஏழு பேரிடம் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. இலங்கையின் அனுராதபுரம் பகுதியிலும் எல் சால்வடோரின் கரும்புத் தோட்டங்களிலும் சர்க்கரையோ பிரஷரோ இல்லாத உழைப்பாளிகளின் சிறுநீரகம் சுருங்குகிறது. காரணம் வெப்பமா, ரசாயனமா, இரண்டுமா என்று அறிவியல் இன்னும் முடிவு கட்டவில்லை. இங்கே எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை நகராமல் கன்டெய்னர் லாரியில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர், இறங்க இடமில்லை என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார். கழிப்பறை இல்லாத வேலையிடத்தில் பெண்கள் செய்வதும் அதுவே. அவர்களிடம் போய்த் தண்ணீர் குடி என்று அறிவுரை சொல்லுமுன் கழிப்பறை கட்டுங்கள்.

நம்பிக்கை: குழந்தைக்கு வெறும் காய்ச்சல்தான், கசாயம் போதும்.

உண்மை: சளி, இருமல் இல்லாமல் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால் சிறுநீரைச் சோதிக்க வேண்டும். சிறுநீர் மேல்நோக்கித் திரும்பி ஏறும் கோளாறு இருக்கும் பிள்ளைக்குத் தொற்றின் சிகிச்சை தள்ளிப்போனால், தழும்பு அந்த வயதிலேயே விழும்.

நம்பிக்கை: கிட்னி கெட்டால் வலிக்கும், சிறுநீர் நிற்கும்.

உண்மை: கல்லுக்கு வலிக்கும், தழும்புக்கு வலிக்காது. ஏறத்தாழப் பாதி செயல்பாடு போகும்வரை கிரியாட்டினின்கூடச் சாதாரணமாகக் காட்டலாம். முந்திக்கொண்டு சொல்வது சிறுநீரில் கசியும் ஆல்புமின் என்ற புரதம்.

அந்தக் காசிமேட்டு மனிதரை ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். சீட்டில் ஆல்புமினுக்கு எதிரே இரண்டு கூட்டல் குறி. "வலியே இல்லியே தம்பி" என்று அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். செட்டு மாத்திரையை நிறுத்தி, பிரஷர் மாத்திரையைத் தொடரச் சொன்னார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி சோதனை. சீட்டை நாலாக மடித்து, பீடிக்கட்டுக்குப் பின்னால் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.