வளர்ப்பு நாய்க்கு மருத்துவக் காப்பீடு: முடிவெடுக்கும் முன் எண்ண வேண்டியவை

பெங்களூரு நகர மாவட்டத்தின் எல்லையில், ஓசூரை அடுத்து அமைந்துள்ளது அத்திபெலே. இங்குள்ள குடியிருப்புகளில் நாய் வளர்க்கும் குடும்பங்கள் பல. மருந்து, தடுப்பூசி ஆகியவற்றின் செலவை மாத வரவிலிருந்தே சமாளித்துவிடலாம். ஆனால் நாய் வாகனத்தில் அடிபட்டாலோ, அதற்கு அவசர அறுவை சிகிச்சை தேவைப்பட்டாலோ, ஒரே நாளில் பெருந்தொகை வேண்டியிருக்கும். பணம் இல்லை என்பதற்காகச் சிகிச்சையைக் கைவிடும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடாது. அதற்குக் காப்பீடுதான் வழியா, அன்றிச் சேமிப்பே போதுமா என்பதை இங்கே காண்போம்.

இறப்புக்கா, சிகிச்சைக்கா?

நாய்க்கான காப்பீடு சுவீடனில் 1924-லேயே வழங்கப்பட்டது. நம் நாட்டிலும் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் நெடுங்காலமாக இதை வழங்கி வருகின்றன. ஆயினும் பழைய ஒப்பந்தங்கள் பெரும்பாலும் நாயின் இறப்புக்கே இழப்பீடு அளிப்பவை. அறுவை சிகிச்சை, மருத்துவமனைச் செலவு ஆகியவற்றை முதன்மையாகக் கொண்ட திட்டத்தைப் பஜாஜ் அலையன்ஸ் நிறுவனம் 2020-இல் அறிமுகப்படுத்தியது. பின்னர் வேறு சில நிறுவனங்களும் இத்துறைக்கு வந்தன.

இவ்வேறுபாடு முக்கியமானது. இறப்புக்கான இழப்பீடு நாயின் சந்தை மதிப்பைச் சார்ந்தது. விலை கொடுத்து வாங்கிய லாப்ரடாருக்கு அது பயன்படக்கூடும். தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய்க்குச் சந்தை மதிப்பே இராது. ஆனால் எலும்பு முறிந்தால் இரண்டுக்கும் ஆகும் செலவு ஏறத்தாழ ஒன்றே. எனவே நாட்டு நாய் வளர்ப்போர், சிகிச்சைச் செலவை ஏற்கும் ஒப்பந்தமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக, காப்பீட்டுத் தொகை ரூ.40,000, ஆண்டுப் பிரீமியம் ரூ.4,000, ஒவ்வொரு கோரிக்கையிலும் உரிமையாளர் ஏற்க வேண்டிய பங்கு 10 விழுக்காடு என்று கொள்வோம். மருத்துவமனைக் கட்டணம் ரூ.45,000. அதில் ஒப்பந்தப்படி ஏற்கத்தக்க செலவு ரூ.38,000 மட்டுமே எனில், உரிமையாளரின் பங்கான ரூ.3,800 போக, நிறுவனம் ரூ.34,200 வழங்கும். மீதி ரூ.10,800 உரிமையாளரின் கையிலிருந்து செல்லும். மேலும், பல வேளைகளில் முழுக் கட்டணத்தையும் முதலில் நாமே செலுத்திப் பின்னரே திரும்பப் பெற வேண்டியிருக்கும். ஆகவே, காப்பீடு எடுத்தவருக்கும் கைவசம் ஓரளவு பணம் தேவை.

எவை அடங்கா?

ஒப்பந்தம் தொடங்கும் முன்பே இருந்த நோய்கள் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. நோய்களுக்குக் காத்திருப்புக் காலமும் உண்டு. பார்வோ போன்ற தடுக்கத்தக்க நோய்கள், தடுப்பூசி முறையாகப் போடப்படாவிட்டால் விலக்கப்படும். சேர்வதற்கு வயது வரம்பு உண்டு. பெரிய இன நாய்கள் விரைவில் முதுமை அடைவதால் அவற்றுக்கு வரம்பு குறைவு. ஆகையால், நாய் நோயுற்ற பின் காப்பீட்டைத் தேடுவதில் பயனில்லை.

சேமிப்பு என்னும் மாற்று

மாதம் ரூ.500 வீதம் தொடர் வைப்புக் கணக்கில் செலுத்தினால், வட்டியைச் சேர்க்காமலே ஓராண்டில் ரூ.6,000, ஏழாண்டில் ரூ.42,000 சேரும். நாய் நோயின்றி வாழ்ந்தால் பணம் நம்மிடமே இருக்கும். குறை என்னவெனில், முதல் ஆண்டிலேயே விபத்து நேர்ந்தால் கையில் இருப்பது சிறுதொகையே. காப்பீட்டின் வலிமையோ இதற்கு நேர்மாறானது: தொடக்க ஆண்டுகளில் அது கைகொடுக்கும், மூட்டுத் தேய்வு, சிறுநீரகக் கோளாறு, கட்டி முதலியவை தோன்றும் முதுமையில் பிரீமியம் உயரலாம், அல்லது ஒப்பந்தமே முடிந்துவிடலாம். எனவே இளமையில் காப்பீடு, முதுமைக்குச் சேமிப்பு என இரண்டையும் இணைப்பது பல குடும்பங்களுக்குப் பொருந்தும்.

யாருக்குத் தேவை?

ரூ.50,000 செலவை இன்றே கடனின்றி ஏற்க இயலுமா என்று கேட்டுப் பாருங்கள். இயலும் எனில் சேமிப்பே போதும். இயலாது எனில், நாய் இளமையும் நலமும் உடையதாக இருக்கையிலேயே காப்பீடு எடுப்பது நன்று. பிரீமியமே சுமையாகத் தோன்றினால், தடுப்பூசி, உண்ணித் தடுப்பு, கருத்தடை அறுவை ஆகியவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். கருத்தடை செய்த பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து பெரிதும் நீங்கும். குறைந்த செலவில் சிகிச்சை பெற அரசு கால்நடை மருத்துவமனைகளும், பெங்களூரு ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியும் உள்ளன.

நாய் பிறரைக் கடித்தால் எழும் பொறுப்பையும் மறவாதீர்கள். வளர்ப்பு விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராதபடி காக்கத் தவறுவது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி குற்றம். மூன்றாம் நபர் இழப்பீட்டுக்கான காப்பீடு குற்றத் தண்டனையிலிருந்து விடுவிக்காது. காயமுற்றவருக்குத் தர வேண்டிய இழப்பீட்டுக்கு உதவும்.

கையொப்பமிடும் முன்

தடுப்பூசி அட்டை, நாயின் வண்ணப் படங்கள், மைக்ரோசிப் எண் இருப்பின் அதன் விவரம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருங்கள். அத்திபெலேயில் வசிப்போர் ஓசூரிலும் சிகிச்சை பெறக்கூடும். ஆதலால் அண்டை மாநில மருத்துவரின் ரசீது ஏற்கப்படுமா என்று எழுத்தில் கேட்டறியுங்கள். எங்காயினும் பதிவுபெற்ற கால்நடை மருத்துவரின் ரசீதே செல்லும். நாய்க்கான பிரீமியத்துக்கு வருமான வரிக் கழிவு கிடையாது. அச்சலுகை குடும்பத்தினரின் மருத்துவக் காப்பீட்டுக்கே உரியது.

கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லையெனினும், பதில் நிறைவு தராவிடினும், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரைக் கட்டணமின்றி அணுகலாம். கர்நாடகத்தில் வசிப்போருக்கு அவ்வலுவலகம் பெங்களூருவிலும், தமிழ்நாட்டில் வசிப்போருக்குச் சென்னையிலும் உள்ளது.

காப்பீடோ சேமிப்போ, நாய் நலமாக இருக்கும் நாளிலேயே முடிவு செய்யுங்கள். மருத்துவமனை வாயிலில் நிற்கும்போது சிகிச்சையைப் பற்றி மட்டும் சிந்திக்கும் நிலை அப்போதுதான் வாய்க்கும்.