தூர்த்த நிலத்துத் தண்ணீர் எங்கே போகும்?

கிருலப்பனையில் வீட்டுப் பிரச்சினை பற்றிப் பேச்செடுத்தால் ஒரு தீர்வு உடனே முன்வைக்கப்படும்: கொழும்பில் கட்ட இடமில்லை, கோட்டே, கொலன்னாவைப் பக்கம் வீணாய்க் கிடக்கும் சேற்றுநிலத்தைத் தூர்த்தால் ஆயிரமாயிரம் குடும்பங்களைக் குடியேற்றலாம். வாடகை வீட்டில் காலந்தள்ளும் குடும்பத்துக்கு இது நியாயமாகவே படும்.

ஆனால் அந்த நிலம் வீணாய்க் கிடக்கவில்லை. கொழும்பின் மழைநீர் வெளியேறும் வழிகள் மிகக் குறைவு. வடக்கே களனி கங்கை பெருகிவிட்டால் அந்தப் பக்கத்து மதகை மூடவேண்டியிருக்கும். தெற்கே, கோட்டேச் சதுப்புகளில் சேரும் நீர் கிருலப்பனைக் கால்வாய் வழியே வந்து, பிரிந்து, வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கடலில் விழவேண்டும். ஒரு பெருமழையின் நீர் முழுவதையும் இந்தக் கால்வாய்கள் ஒரே மூச்சில் கடத்திவிட முடியாது. வடியும்வரை அதைத் தாங்கி நிற்பவை சதுப்புகள்தான். மேலே ஓர் ஏக்கர் தூர்ந்தால், அங்கே நிற்கவேண்டிய தண்ணீர் கீழே கால்வாய்க் கரை வீடுகளுக்குள் ஏறும்.

1992 ஜூன் 4ஆம் திகதி கொழும்பில் ஒரே நாளில் ஏறத்தாழ 490 மில்லிமீற்றர் மழை கொட்டியது. 2010 நவம்பரில் மறுபடியும் நகரம் மூழ்கியபோது, தியவன்னா ஓயாவின் நடுவே இருக்கும் நாடாளுமன்றத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. அதன் பிறகு, 2012இல், உலக வங்கிக் கடனுடன் கொழும்புப் பெருநகர அபிவிருத்தித் திட்டம் தொடங்கியது. அதையொட்டி நடந்த ஆய்வின் கணிப்பு கவனிக்கத்தக்கது: எஞ்சிய சதுப்புகளும் அழிந்தால், பெருநகரப் பொருளாதாரத்தில் சராசரியாக ஆண்டுக்கு 1 சதவீதமளவு வெள்ளத்தால் நட்டமாகும்.

இன்னொரு நம்பிக்கை கொடியது. கால்வாய்க் கரைகளில் குடிசை போட்டவர்களால்தான் வெள்ளம் வருகிறது, அவர்களை எழுப்பிவிட்டால் தீர்ந்தது என்பது அது. 1990களில் ஜப்பானியக் கடனுதவியோடு கால்வாய்கள் அகலமாக்கப்பட்டபோது கரைவாசிகள் பலர் தெஹிவளைப் பக்கம் படோவிட்ட போன்ற இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அதற்குப் பிறகும் 2010 வந்தது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் முன்னைய கணக்கொன்றில், கொழும்பில் தோட்டம் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளிலும் குடிசைப் பகுதிகளிலும் வாழ்ந்த குடும்பங்கள் சுமார் 68,000. அவர்கள் இருந்த நிலமோ நகரப் பரப்பில் ஏறக்குறைய 9 சதவீதம்தான். மழைநீரை உறிஞ்சவிடாமல் பூசப்பட்ட மீதி நகரத்தை விட்டுவிட்டு இவர்களைக் குற்றவாளிகளாக்குவது அநீதி. நகரம் தன் குப்பையையும் தாழ்நிலத்தில்தான் கொட்டியது. 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, அதற்கு விலை கொடுத்தவர்களும் ஏழைகளே.

சனம் பெருகி வழிவதால் வேறு வழியில்லை என்பதையும் குடிசன மதிப்பீடு ஆதரிக்கவில்லை. கொழும்பு மாநகரில் 2001இல் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தார்கள்; 2012இல் எண்ணிக்கை சுமார் ஐந்தரை லட்சம். வெள்ளவத்தையைப் பாருங்கள். பழைய வீட்டுக் காணிகளிலேயே தொடர்மாடிகள் எழுந்தன, அவற்றுக்காகச் சதுப்பு தூர்க்கவேண்டி வரவில்லை. இடம் கிடைத்தது. ஆனால் அந்த வீடுகளை வாங்கியவர்களில் வெளிநாட்டுப் பணம் உள்ளவர்கள் அதிகம். கிருலப்பனைத் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போகிறவரின் கைக்கு அந்த விலை எட்டாது. ஏழைகளுக்கென்று 2001இல் பேஸ்லைன் வீதியருகே எழுந்த சஹஸ்புர, அவர்களுக்கும் மாடிவீடு கட்டலாம் என்று காட்டியது. லிஃப்ட் பழுதானால் யார் திருத்துவது, பராமரிப்புக் காசை யார் கட்டுவது, தள்ளுவண்டிக் கடை வைத்தவர் எட்டாம் மாடியில் எப்படிப் பிழைப்பது என்ற கேள்விகளும் அதோடு சேர்ந்தே வந்தன. வீட்டுத் திட்டம் உண்மையில் திணறும் இடம் இதுதான். இதற்குச் சேற்றுநிலம் பதிலாகாது.

2018இல் ராம்சார் ஈரநில உடன்படிக்கையின் கீழ் கொழும்பு ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. இனிச் சதுப்புகளுக்குப் பயமில்லை என்று பலர் நிம்மதியடைந்தார்கள். அங்கீகாரம் சட்டமாகாது, அதன் காலமும் ஆறு ஆண்டுதான். மீன்பிடிப் பூனையும் நீர்நாயும் இன்னும் உலவும் அந்த நிலத்தைக் காப்பது உள்நாட்டுச் சட்டமும், அதைக் கையாளும் அதிகாரிகளும்தான்.

அந்த அதிகாரிகள் யார் என்பதிலும் தெளிவில்லை. எல்லாம் மாநகர சபையின் கையில் என்று நினைப்பவர்கள் உறுப்பினர் வீட்டு வாசலில் காத்திருக்கிறார்கள். கட்டட அனுமதியை மாநகர சபை வழங்குகிறது, உண்மை. நகரத் திட்டத்தை வகுப்பது 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான நகர அபிவிருத்தி அதிகார சபை. தாழ்நிலத்தை நிரப்பும் அனுமதியும் பெருங்கால்வாய்களும் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பில் உள்ளன. கேள்வியோடு சரியான கதவைத் தட்டவேண்டும்.

தட்ட வழியும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரஜையும், எந்தக் காணியை நிரப்ப யாருக்கு என்ன நிபந்தனையில் அனுமதி கொடுக்கப்பட்டது என்று கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவலைத் தருவதா இல்லையா என்பதைப் பதினான்கு வேலை நாட்களுக்குள் அதிகாரி அறிவிக்க வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம்.