மணி ஏன் உறுமினான்?



சூடான பாத்திரத்தில் கை பட்டால் வெடுக்கென்று இழுக்கிறோம். அது பிறவியிலேயே வருவது. புளியங்காயைப் பார்த்ததும் வாயில் எச்சில் ஊறுகிறதே, அது தின்று பழகியதால் வருவது. இதற்குக் கட்டுப்படுத்தப்பட்ட அனிச்சைச் செயல் என்று பெயர். ரஷ்ய அறிஞர் இவான் பாவ்லோவ் நாய்களை வைத்து இதை ஆராய்ந்தார். மணியடித்துச் சோறு போட்டார் என்றுதான் எல்லாரும் சொல்வோம். மணி மட்டும் இல்லை, டிக் டிக் என்று அடிக்கும் மெட்ரோனோம் கருவியையும் வைத்துச் செய்திருக்கிறார். எங்கள் வீட்டு நாயின் பெயரும் மணிதான்! இந்தக் கட்டுரை அவனைப் பற்றியது. நான் செய்த தப்பைப் பற்றியதும்கூட.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் திருநெல்வேலியில் யார் மறப்பார்கள்? தாமிரபரணி எங்கள் தெருவுக்குள்ளேயே வந்துவிட்டது. ஒரு காம்பவுண்டுச் சுவர் மேல் மணி நடுங்கிக்கொண்டு நின்றான். கிட்டப் போனால் தண்ணீரில் குதிக்கப் பார்த்தான். கடைசியில் தெரு அண்ணன்கள் நீளக் கம்பில் சுருக்குக் கயிறு கட்டி, கழுத்தில் மாட்டி இழுத்தார்கள். அப்போது வேறு வழியில்லை. உயிர் பிழைத்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறான்.

ஒரு வருஷம் கழித்து எங்கள் ஆச்சிக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. ஆச்சி கைத்தடி ஊன்றி வீட்டுக்குள் வந்ததும் மணி உறுமினான். எனக்கு வந்ததே கோபம்! பேப்பரைச் சுருட்டி மூஞ்சியில் ஒன்று வைத்தேன். "ஏன்ட்டி அடிக்க? அது என்னயப் பாத்து உறுமல, கம்பப் பாத்துல்லா உறுமுது" என்று ஆச்சி சொன்னார்கள். நான் கேட்கவில்லை. உறுமும் போதெல்லாம் அடித்தேன். பத்து நாளில் உறுமலே நின்றுபோச்சு. திருந்திட்டான் என்று தெருவெல்லாம் பெருமை பேசினேன்.

அடுத்த வாரம் ஆச்சி அவனைத் தாண்டிப் போகும்போது, ஒரு சத்தமும் இல்லாமல் கெண்டைக்காலில் கடித்துவிட்டான்.

சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவினோம். பெரியாஸ்பத்திரியில் அன்றைக்கே ஊசி போட்டார்கள். அப்புறம் 3, 7, 28 ஆம் நாட்களிலும் போட்டார்கள். மணிக்குத் தடுப்பூசி போட்டிருந்தும் நாங்கள் இதில் அசட்டையாக இருக்கவில்லை. அப்பா, "நாயை எங்கயாவது கொண்டு விட்டுருவோம்" என்றார். ஆச்சிதான் வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றார்கள்.

அதற்குப் பிறகுதான் மதுரையிலிருந்து பயிற்சியாளர் அக்கா வந்தாங்க. முதல் கேள்வியே, "கால்நடை டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்பதுதான். காதில் புண், மூட்டு வலி இருந்தால்கூட நாய் கடிக்குமாம். காட்டினோம், ஒன்றுமில்லை. பிறகு என்னிடம் சொன்னாங்க: "உறுமுறது திமிர் இல்லம்மா. கிட்ட வராத, பயமா இருக்குன்னு அவன் சொன்னான். நீ வாயை அடைச்சிட்ட, பயத்தை அடைக்கல." எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

அக்கா சொன்ன இன்னொரு விஷயம் ஆச்சரியமானது. 1924 செப்டம்பரில் லெனின்கிராடில் வெள்ளம் வந்தபோது பாவ்லோவின் நாய்கள் கூண்டுக்குள் மாட்டிக்கொண்டன. கூண்டுக் கதவு கீழே இருந்ததால், தலையைத் தண்ணீருக்குள் அமுக்கித்தான் வெளியே எடுக்க முடிந்தது. அதன்பிறகு சில நாய்கள் கற்றதையெல்லாம் மறந்துவிட்டன. பின்னாளில் கதவுக்கடியில் கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டதும் ஒரு நாய்க்குப் பழைய பயம் திரும்பி வந்ததாம். அந்த நாய்க்குத் தண்ணீர், எங்கள் மணிக்குக் கம்பு!

பழக்கத்தால் வந்த பயத்தைப் பழக்கத்தாலேயே மாற்றலாமாம். அதே காலத்தில் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மையார், முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற சிறுவன் பிடித்ததைச் சாப்பிடும்போது முயலைத் தூரத்தில் காட்டி, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக் கொடுத்தான்.

நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். கொல்லையில் 20 அடி தூரத்தில் ஆச்சி நாற்காலியில் உட்கார்ந்து கம்பை லேசாகத் தூக்குவார்கள். மணி பார்த்த உடனே நான் வேகவைத்த கோழி ஈரலில் ஒரு துண்டு கொடுப்பேன். கம்பு மறைந்தால் ஈரலும் நின்றுவிடும். இதில் வரிசை முக்கியம். முதலில் நான் ஈரலைக் காட்டிவிட்டுப் பிறகு கம்பைக் காட்டச் சொன்னேன். இரண்டே நாளில் ஈரல் கிண்ணத்தைப் பார்த்தாலே மணி ஓட ஆரம்பித்துவிட்டான்! கம்பு முதலில், ஈரல் பிறகு என்று அக்கா திருத்தினாங்க.

அவன் உதட்டை நக்கினால், தூக்கம் வராமலே கொட்டாவி விட்டால், வாலை இடுக்கினால், கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தால் பயப்படுகிறான் என்று அர்த்தம். ஈரலையே வேண்டாம் என்றால் ரொம்பக் கிட்டப் போய்விட்டோம். உடனே தூரத்தைக் கூட்ட வேண்டும். இதற்கிடையில் சித்தப்பா, "கம்புப் பக்கத்துலயே கட்டிப்போடு, தானா பழகிரும்" என்று கட்டிப்போட்டார். மூன்று வாரம் பட்ட பாடு ஒரு சாயங்காலத்தில் போச்சு! மறுபடியும் 20 அடியிலிருந்து தொடங்கினோம்.

அக்கா மூன்று தடவைதான் வந்தாங்க. மீதி தினமும் ஐந்து நிமிஷம் எங்கள் வேலை. இப்போது 4 அடியில் ஆச்சி கம்போடு நடந்தால், மணி திரும்பி என் கையைப் பார்க்கிறான், ஈரல் எங்கே என்று! ஆனாலும் இருவரையும் தனியாக விடுவதில்லை. எப்போதாவது உறுமுகிறான். நாங்கள் ஆச்சியை நிறுத்தி, அவனுக்கு ஒதுங்க வழி விடுகிறோம்.

மழைச் சத்தம் இன்னும் பாக்கி இருக்கிறது. அப்பா செல்போனில் பதிவு செய்த மழைச் சத்தத்தை மிகவும் மெதுவாக வைத்து, ஈரலோடு ஆரம்பித்திருக்கிறோம். இப்போது இரண்டாவது கோட்டில் நிற்கிறோம். ஐப்பசிக்குள் எத்தனை கோடு ஏறும் என்று தெரியவில்லை.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி